முதஸ்ஸிர் சுடாத கரடி

முதஸ்ஸிர் கரடி சுடப் போகிறானாம். போனில் இதைக் கேட்டபோது அஃப்ஷீனுக்குச் சிரிப்புதான் வந்தது. ஜனவரியில் நிச்சயதார்த்தத்துக்கு வந்தவன், தாமல் ஏரியில் மீன்காரர் படகில் ஏறி நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசைப்பட்டான். ஏறினதும் உட்கார்ந்துவிட்டான். இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஆடுது, ஆடுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். படகு கரையில்தான் கட்டிக் கிடந்தது. அந்த வீரர்தான் இப்போது கனடாவின் மேற்குக் கடலில் பதினெட்டு அடிப் படகை வாடகைக்கு எடுத்து, தீவு தீவாகப் போய்க் கருங்கரடி சுடப் போகிறார். கூட வழிகாட்டி கிடையாது. வழிகாட்டி வைத்துக்கொண்டு போனால் அது வேட்டையே இல்லையாம்.

இந்த மாப்பிள்ளையைப் பிடித்து வந்தது அவளுடைய அத்தா அப்துல் சத்தார். காஞ்சிபுரத்தில் முப்பது வருஷமாக ஜரிகை வியாபாரம். ஒரு கட்டு ஜரிகை வாங்கினால்கூட கல்லில் உரசி, வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே செம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். மாப்பிள்ளையை மட்டும் வான்கூவரில் எடுத்த நாலு போட்டோவைப் பார்த்து முடித்துவிட்டார். பக்ரீத் போய் இரண்டாவது ஞாயிறு நிக்காஹ். மண்டபம் பேசியாகிவிட்டது.

வேண்டாம் என்று சொல்ல அஃப்ஷீனிடம் காரணம் இல்லை. அவன் குடிப்பதில்லை, நல்ல வேலை, வீட்டுக்கு ஒரே பையன். "அவரு பேச்சக் கேட்டாலே எரிச்சலா வருதுத்தா" என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தாள்.

"எரிச்சல் கல்யாணத்துக்கு அப்புறமும் வரும்மா. அதுக்காக யாரும் கல்யாணம் வேணாம்னு சொல்றதில்ல" என்றார் அத்தா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

வேட்டை அவனுடையது, திட்டம் போடும் வேலை அவளுடையது. "உனக்குத்தான் எக்ஸல் எல்லாம் நல்லா வருமே, ஒரு பிளான் போட்டுக் குடேன்" என்று ஏதோ டீ போட்டுக் கொடு என்பதுபோலச் சொன்னான். அவள் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கப்பல் சரக்குப் பிரிவில் இருக்கிறாள். எந்தப் பெட்டி எந்தத் துறைமுகத்துக்கு எந்த நாளில் போக வேண்டும் என்பது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவன் மேல் மரியாதை இல்லாவிட்டாலும் வேலை மேல் மரியாதை இருந்தது. செவிலிமேட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போகும் நேரமெல்லாம் அந்தக் கடலைப் பற்றிப் படித்தாள். அங்கே ஆறு மணி நேரத்தில் கடல் இரண்டு மாடி உயரத்துக்கு ஏறுகிறது, பிறகு அப்படியே இறங்குகிறது. காலையில் படகு மிதந்த இடம் மத்தியானம் வெறும் சேறு. அந்தத் தண்ணீரில் நனைந்தவன் காய்ந்த துணி இல்லாமல் அரை நாள் தாங்குவதே பெரிய விஷயம். பாலாற்றுக் கரையில் பிறந்து மணலை மட்டுமே பார்த்தவளுக்கு இதெல்லாம் மூன்று வாரத்தில் புரிந்தது. ஒன்பது வருஷமாகக் கடற்கரை ஊரில் இருக்கிற அறிவாளிக்குப் புரியவில்லை.

"தண்ணி இறங்குற நேரம் எல்லாத்தையும் போட்டிருக்கேன். நீங்க கரையில இறங்கினாலும் ஒருத்தர் படகுலயே இருக்கணும், ஆழத்துல நிறுத்தி வெக்கணும்" என்றாள்.

"உதய் இருப்பான்."

உதயகுமார், பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்கிற பஞ்சாட்சரத்தின் மகன். அந்தத் தறிக்கு ஜரிகை போவது அப்துல் சத்தார் கடையிலிருந்துதான். போன வருஷம் வேலை கிடைத்து வான்கூவர் போனவனுக்கு முதஸ்ஸிர் தன் வீட்டில் ஓர் அறை கொடுத்திருந்தான். கொடுத்த நாளிலிருந்து அவனை எடுபிடியாக வைத்திருந்தான். ஒண்டிக்கொண்டிருப்பவன் எப்படி முடியாது என்பான்?

"அவனுக்கு நீச்சல் தெரியுமா?"

"படகுல உக்கார்றதுக்கு எதுக்கும்மா நீச்சல்?"

பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள். "அங்க சட்டப்படி கரடியச் சுட்டா கறியக் காட்டுலயே போட்டுட்டு வரக் கூடாது, சாப்பாட்டுக்குன்னு எடுத்துக்கினு வரணும். நமக்கு அது ஹராம். உதயகுமார் வீட்டுல முட்டையே வாங்க மாட்டாங்க. யார் திங்கப் போறீங்க?"

"யாருக்காவது குடுத்துடலாம். அதுக்குத்தான் பெரிய ஐஸ் பெட்டி வாங்கியிருக்கேன்."

"அந்தப் பெட்டி ஏத்தினா படகு தாங்காது. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

"மாத்துத் துணி மூட்டைய இறக்கிட்டேன். அஞ்சு நாள்தான, துணி எதுக்கு?"

தின்ன ஆள் இல்லாத கறிக்குப் பெட்டி வேண்டும், உயிரோடிருக்கிற இருவருக்கு மாற்றுத்துணி வேண்டாம். இவனோடு இன்னும் முப்பது வருஷம், நாற்பது வருஷம்.

கடைசி வரிதான் முக்கியம். கடலுக்குப் போகிறவர்கள் எந்த வழியாகப் போகிறார்கள், எப்போது திரும்புவார்கள் என்று கரையில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவது அந்த ஊர் வழக்கம். அந்த ஆளாக முதஸ்ஸிர் இவள் பெயரையே போடச் சொல்லியிருந்தான். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அவன் செயற்கைக்கோள் கருவியில் 'வந்துவிட்டேன்' என்று செய்தி அனுப்ப வேண்டும். இங்கே அது ஞாயிறு காலை ஆறரை. அரை மணி பார்த்துவிட்டு, செய்தி வராவிட்டால் இவள் கடலோரக் காவலுக்குப் போன் செய்ய வேண்டும்.

"என்னக் கேக்காம யாருக்கும் போன் போடாத" என்றான் முதஸ்ஸிர். "ஹெலிகாப்டர் கிலிகாப்டர் வந்துச்சுன்னா ஆபீஸ்ல தலைகாட்ட முடியாது."

"உங்களக் கேக்க முடியலன்னாதான போன் போடணும்?"

"நீ சும்மா டென்ஷன் பார்ட்டி" என்று சிரித்தான்.

ஞாயிறு ஆறரைக்குச் செய்தி வரவில்லை. அஃப்ஷீன் மூன்று செய்தி அனுப்பினாள், பதில் இல்லை. அத்தா தொழுதுவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தார். "கொஞ்சம் பொறும்மா. அவரு வேணாம்னு சொல்லியிருக்காரு. அப்புறம் மனஸ்தாபம் ஆயிடும்."

"சரித்தா, பொறுக்கறேன். அங்க ஏதாவது ஆயிடுச்சுன்னா பஞ்சாட்சரம் மாமா வீட்டுக்கு நீங்க போய்ச் சொல்றீங்களா?"

சரியாக ஏழு மணிக்கு அவள் போன் செய்தாள்.

எடுத்த அதிகாரி பொறுமையான மனிதர். படகின் நிறம் கேட்டார், சொன்னாள். ஒவ்வொரு நாளும் எந்த வளைகுடாவில் தங்குவதாகத் திட்டம் என்று கேட்டார், வரிசையாகச் சொன்னாள். போக வேண்டாம் என்று தான் சிவப்பில் குறித்த வளைகுடா ஒன்று இருப்பதையும், அங்கேதான் முதலில் தேட வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொன்னாள். ஏன் என்று கேட்டார். "வேணாம்னு சொன்ன இடத்துக்குத்தான் அவர் போவார்" என்றாள். அதிகாரி சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். இவ்வளவு தெளிவாக யாரும் எழுதி வைத்துப் பார்த்ததில்லை என்று கடைசியில் சொன்னார். அந்தத் திட்டத்தை மதித்த ஒரே ஆள் அவர்தான்.

அங்கேதான் கிடந்தார்கள். சனிக்கிழமை காலையிலேயே கடல் இறங்கிப் படகு சேற்றில் சாய்ந்துவிட்டது. கடல் திரும்பி ஏறியபோது சாய்ந்த படகுக்குள் தண்ணீர் புகுந்து என்ஜின் செத்துவிட்டது. இறங்கித் தள்ளச் சொல்லி முதஸ்ஸிர் உத்தரவு போட்டிருக்கிறான். உதயகுமார் இடுப்பளவு தண்ணீரில் நின்று தள்ளியிருக்கிறான். நனையாத ரப்பர் உடுப்பு ஒன்றே ஒன்று இருந்தது. அதை யார் போட்டிருந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. செயற்கைக்கோள் கருவியில் உதவி கேட்கிற பொத்தானும் இருந்தது. அதை அழுத்தினால் மானம் போய்விடும் என்று, இவள் தொந்தரவும் வேண்டாமென்று, துரை கருவியையே அணைத்து வைத்துவிட்டார். காவல் படகு போய்ச் சேர்ந்தபோது உதயகுமாருக்கு நினைவில்லை. இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் பிழைத்திருக்க மாட்டான் என்று டாக்டர் சொன்னதாக அந்த அதிகாரி போனில் சொன்னார். கரடி கண்ணில்கூடப் படவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை முதஸ்ஸிர் போன் செய்தான். கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அத்தா ஸ்பீக்கரைப் போட்டார்.

"மாமா, உங்க பொண்ணு பண்ணதுக்கு எல்லா குரூப்லயும் என்னை வெச்சு ஓட்டிக்கினு இருக்காங்க. தண்ணி ஏறினதும் நானே வந்திருப்பேன். வேணாம்னு அவ்ளோ சொல்லியும் போன் போட்டிருக்கா. அம்மா நிக்காஹே வேணாங்கறாங்க. நான்தான் சமாதானம் பண்ணி வெச்சிருக்கேன். அவ ஒரு சாரி சொன்னா போதும், நான் பெரிசு பண்ண மாட்டேன்."

பெரிய மனசு. அஃப்ஷீன் அத்தாவின் முகத்தைப் பார்த்தாள். சொல்லிவிடும்மா என்று கெஞ்சப் போகிற முகம்தான் அது. ஐந்து மாதமாக அவளுக்குப் பழகிப்போன முகம். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அது இருக்கட்டும் தம்பி. பஞ்சாட்சரம் மவன் எப்படி இருக்கான்? அவங்கம்மா வடிவாம்பாள் நேத்து மட்டும் மூணு தரம் கடைக்கு வந்துட்டாங்க. எனக்குச் சொல்லத் தெரியல."

"உதயா? அவன வேற ஆஸ்பத்திரியில போட்டிருக்காங்க மாமா, நான் இன்னும் போகல. போலீஸ் என் துப்பாக்கிய வாங்கி வெச்சிக்கினு இருக்குது. ரெண்டு நாளா அதுக்குத்தான் அலைஞ்சிக்கினு இருக்கேன்."

மறுபக்கம் முதஸ்ஸிர் துப்பாக்கியின் விலையைச் சொல்லிக்கொண்டிருந்தான். அப்துல் சத்தார் போனை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"நீயே சொல்லிடும்மா" என்றார்.

"எந்த ஆஸ்பத்திரின்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் அஃப்ஷீன். "அவங்கம்மா பேசணுமாம். நிக்காஹ் இல்ல."