கமோடு ஓரத்து ஓட்டை

சுஹைப் மோந்து பார்க்கும்போது நாற்றம் இல்லை. அவர் போனதும் வந்துவிடுகிறது.

கப்பல் சென்னைத் துறைமுகத்தை விட்டு அது இரண்டாம் நாள். நாலாவது தளத்தில், ஜன்னல் இல்லாத கேபின். அதைச் சுத்தம் செய்யும் சுஹைப் மூன்றாம் தடவையாக வந்து, குளியலறைக் கதவை அகலத் திறந்துவைத்து, ஷவர் மூலை, கமோடு, வாஷ்பேசின் என்று குனிந்து குனிந்து மோந்தார்.

"ஒண்ணுமே இல்லியேம்மா."

அன்புக்கரசிக்கும் அப்போது ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அவள் புருஷன் சுப்புராயன் கதவைச் சாத்திக்கொண்டு ஆவி பிடிக்க உட்கார்ந்தால் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. நேற்று இரண்டு முறை உட்கார்ந்தார். இரண்டு முறையும் உள்ளே போனபோது இருந்ததைவிட மோசமான இழுப்போடு வெளியே வந்தார். கரை சேர நாளைக் காலை ஆகும். அதுவரை அந்த நெஞ்சு தாங்க வேண்டும்.

எண்ணூரில் வாயு கசிந்த நாளில் கெட்டுப்போன நெஞ்சு அது. அன்றைக்குப் பிள்ளைகளை உள்ளறையில் போட்டு, கதவடியில் ஈரத்துணி திணித்துக் காப்பாற்றியவள் அன்புக்கரசி. அதன்பிறகு எங்கே என்ன நாற்றம் வந்தாலும் அவள் கை ஈரத்துணியைத்தான் தேடும். இங்கேயும் கெட்ட காற்று வெளியே வராந்தாவிலிருந்து நுழைகிறது என்றே நினைத்து, நேற்றிலிருந்தே குளியலறைக் கதவடியை அடைத்துவந்தாள்.

"இந்தாய்யா, டவல நல்லா நனைச்சிக்கீறேன். கீழ சந்து இல்லாம அடைச்சிக்கோ."

"அடைச்சிக்கிறேன்மே. அந்தக் கமோடுதான் பேஜாரா கீது. பட்டன அமுக்குனா சிங்கம் மாரி உறுமுது. குந்திகினே அமுக்குனா ஆளையே இழுத்துக்கினு பூடும் போல."

"உன்ன இழுத்தா அதுக்குத்தான் அடைப்பு. போய்யா."

வெந்நீர் ஷவர் இரையும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் உள்ளிருந்து இருமல். "வந்துடுச்சிமே அந்த நாத்தம்." அப்புறம் இருமல் நின்றது.

"இப்ப எப்பிடிய்யா கீது?"

"நாத்தம் போச்சி." குரல் தூக்கத்தில் பேசுவதுபோல் இழுத்தது. "ஒண்ணும் தெர்ல இப்போ."

அவள் கதவிடம் ஓடினாள். இறால் கம்பெனியில் வேலை பார்த்தபோது பாதுகாப்பு வகுப்பில் சொன்னது நினைவில் இருந்தது. அழுகிய முட்டை வாயுவில் மூக்கு முதலில் மரத்துப்போகும். நாற்றம் நின்றால் வாயு நின்றதாக அர்த்தமில்லை.

கதவை இழுத்தாள். தாழ்ப்பாள் போடவில்லை, ஆனாலும் வரவில்லை. உள்ளே யாரோ பிடித்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது. சுவரில் காலை முட்டுக் கொடுத்து இழுத்ததும் 'குப்'பென்று திறந்தது. அவள் முதுகுப் பக்கத்துக் காற்றெல்லாம் சேலையைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடியது.

சுப்புராயனை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, வராந்தாக் கதவைத் திறந்து அங்கே உட்காரவைத்தாள். உதடு கறுத்திருந்தது. இன்ஹேலரை இரண்டு முறை அடித்தாள். வராந்தாவில் நின்ற சுஹைப் டாக்டரைக் கூப்பிட ஓடினார். பத்து நிமிடத்தில் டாக்டர் வந்து ஆக்சிஜன் வைத்தார். உதட்டில் நிறம் திரும்பியது.

"கேபின மாத்தித் தரச் சொல்றேன்மா. ஆனா இன்னிக்கு எல்லாம் ஃபுல்லு," என்றார் சுஹைப்.

அப்படியென்றால் இன்னும் ஒரு ராத்திரி இங்கேதான். அன்புக்கரசி குளியலறை வாசலில் நின்று யோசித்தாள். கதவு ஏன் ஒட்டிக்கொண்டது? மேலே பார்த்தாள். கூரையில் காற்றை உறிஞ்சும் துவாரம், நிற்காமல் இரைந்துகொண்டிருந்தது. அது உறிஞ்சும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தாவது காற்று உள்ளே வர வேண்டும். வரும் வழி கதவடிச் சந்து. அதைத்தான் அவள் ஈர டவலால் அடைத்துவைத்தாள். அப்புறம் காற்று வேறெங்கிருந்து வரும்?

ஒரு கீற்று டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக்கொண்டாள். "நான் ஐம்பது எண்ணுவேன். வரலேன்னா கதவ இழுங்க," என்று சுஹைபிடம் சொல்லி உள்ளே போய், கதவைச் சாத்தி, டவலைத் திணித்தாள். ஷவருக்குக் கீழே இருந்த வடிகால் மேல் பிடித்தபோது பேப்பர் அசையவில்லை. கமோடு ஓரத்தில் இன்னொரு வடிகால் இருந்தது. அதன்மேல் பிடித்தாள். பேப்பர் மேல்நோக்கி நிமிர்ந்து நின்று படபடத்தது.

மூச்சைப் பிடித்தபடி செல்போன் வெளிச்சத்தை அடித்தாள். ஷவர் வடிகாலின் வளைந்த குழாயில் தண்ணீர் பளபளத்தது. அந்தத் தண்ணீர்தான் மூடி. கீழே சாக்கடைத் தொட்டியின் வாயுவை மேலே விடாது. இரண்டாவது குழாய் ஒரு சொட்டும் இல்லாமல் காய்ந்திருந்தது. ஷவர் தண்ணீர் அந்த மூலைக்குப் போவதே இல்லை.

நாற்பதில் கதவைத் தள்ளி வெளியே வந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு, டம்ளரில் தண்ணீர் பிடித்து அந்த ஓட்டையில் ஊற்றினாள். 'களக்' என்றது. இன்னொரு டம்ளர். மறுபடி டவலை அடைத்துப் பேப்பரைப் பிடித்தாள். அது தொங்கியபடியே இருந்தது.

வெளியே வந்து சுஹைபிடம் சொன்னாள்: "கமோடு ஓரத்து ஓட்டையில தினம் ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்தணும். கதவுக்குக் கீழ எதையும் அடைக்கக் கூடாது. அவ்ளோதான்."