நீதிபதி அனோஜா வீட்டுச் சுவர்கள்

கனடாவின் உச்ச நீதிமன்றத்தில் காலியான ஓர் இடத்துக்கு நீதிபதி அனோஜா விண்ணப்பம் அனுப்பிய செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, ஸ்காபரோவில் உள்ள அவருடைய வீட்டுச் சுவர்கள் கண்ணாடியைப்போல் தெளிந்தன. செங்கல் இருந்த இடத்தில்தான் இருந்தது, தொட்டால் சொரசொரத்தது, பார்வை மட்டும் அதைக் கடந்து போனது. அவருடைய கணவர் பஸ்ரியன், சுரங்க ரயில் ஓட்டுபவர், அப்போது சமையலறையில் முதல்நாள் புட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டு மகேஸ்வரன் தன் வாசலில் நின்று கையசைப்பதைக் கண்டு அவரும் கையசைத்தார். இருவருக்கும் நடுவில் ஒரு சுவர் இருக்கவேண்டும் என்பது பிறகுதான் அவருக்கு நினைவு வந்தது. அன்று பின்னேரமே திரைச்சீலை வாங்கித் தொங்கவிட்டார். தொங்கியதும் அதுவும் தெளிந்தது. குளியலறைச் சுவர் மட்டும் பழையபடி இருந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாவிட்டாலும் எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. மாநகராட்சியிலிருந்து வந்த அதிகாரி சுவரை நாலு இடத்தில் தட்டிப் பார்த்து, கட்டடம் உறுதியாக உள்ளது, தெளிவாக இருப்பதற்கு எதிராக விதி எதுவும் இல்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போனார்.

விண்ணப்பித்ததை யாரிடமும் சொல்லக்கூடாது என்று தலைநகர் ஒட்டாவாவிலிருந்து எழுதியிருந்தார்கள். அனோஜா தன் சொந்தத் தங்கைக்கும் சொல்லவில்லை. ஆனால் சாப்பாட்டு மேசையில் கிடந்த படிவத்தின் பிரதியை மகேஸ்வரன் தெருவின் மறுபக்கத்திலிருந்து மூக்குக்கண்ணாடி இல்லாமலே வாசித்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் அது தமிழ்க் கடைகளுக்கும், பிறகு வானொலிக்கும் போய்ச் சேர்ந்தது. ஒரு தமிழ்ப் பெண் உச்ச நீதிமன்றத்துக்குப் போகலாம் என்ற செய்தியைக் கேட்டவர்கள் காரில் வந்து இறங்கி, நடைபாதையில் நின்று, அவர் அந்தப் பதவிக்குத் தேவையான பிரெஞ்சின் வினைச்சொற்களைப் பாடமாக்குவதைப் பார்த்தார்கள். அவ்வழியே வேலைக்குப் போகும், பிரெஞ்சு பேசும் கொங்கோ நாட்டுப் பெண் ஒருவர் தினமும் இரண்டு நிமிடம் நின்று, உதட்டை அசைத்துக் காட்டி உச்சரிப்பைத் திருத்தினார்.

நீதிபதியை எப்படித் தெரிவுசெய்வது என்பதில் நின்றவர்கள் இரண்டு கட்சியானார்கள். ஒன்றுக்கு மகேஸ்வரன் தலைமை. மற்றதற்கு அவருடைய மகள் துர்க்கா, ஒரு சட்ட நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடமானவள்.

“அமெரிக்காவைப் பார் பிள்ளை,” என்றார் மகேஸ்வரன். “அங்கை நீதிபதியை எடுக்கிறது சேவல் சண்டை. கட்சி பிரிஞ்சு கத்தி, கட்சி பிரிஞ்சு வோட் போடுவினம். ஆர் வந்தாலும் பாதிச் சனம் அவரை நம்பாது. இஞ்சை அந்தக் கரைச்சல் இல்லை.”

“கத்திறதாவது எல்லாருக்கும் கேக்குது அப்பா,” என்றாள் துர்க்கா. “இஞ்சை ஒரு கமிட்டி பூட்டின அறைக்குள்ளை இருந்து நாலைஞ்சு பேரை எழுதிக் குடுக்கும். பிரைம் மினிஸ்டர் அதிலை ஒராளை எடுப்பார். எம்பிமார் கேள்வி கேக்கலாம், வோட் போடேலாது. மற்றவையை ஏன் விட்டது எண்டு ஆருக்கும் தெரியாது. இட்ஸ் நொட் ஃபெயர்.”

இது ஏப்ரல் முழுவதும் நடந்தது. யாரோ ஒருவர் கோப்பி கொண்டுவரத் தொடங்கினார். அனோஜா ஒட்டாவாவுக்குப் போய் நேர்முகம் முடித்து வந்தார் என்பதும், நீலச் சட்டையோடு போனார் என்பதும் அன்றே தெரிந்துவிட்டது.

மே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, ஒஷாவாவிலிருந்து ரயிலும் பஸ்ஸும் மாறி ஒரு பெண் வந்தார். ஐம்பது வயதிருக்கும். மடக்குக் கதிரையொன்றை விரித்து நடைபாதையில் உட்கார்ந்து, வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். எந்தக் கட்சியிலும் சேரவில்லை, கோப்பியும் வாங்கவில்லை. ஐந்து மணிக்கு எழுந்து போனார். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். சுவர் இரண்டு பக்கமும் தெளிந்திருந்ததால் அனோஜாவும் அவரைப் பார்த்தார். முதல் நாளே அடையாளம் தெரிந்தது. நான்காம் ஞாயிறு கதவைத் திறந்து வெளியே வந்தார்.

அந்தப் பெண் பாலேஸ்வரி. பதினான்கு வருடங்களுக்கு முன், அனோஜா நீதிபதியாகி இரண்டாவது வருடத்தில், பாலேஸ்வரியின் விவாகரத்து வழக்கு அவர் முன் வந்தது. ஒன்பது வயது மகன் பிரியந்தன் யாரிடம் வளர்வது என்பதுதான் கேள்வி. தகப்பனுக்கு நல்ல ஆங்கிலம். பாலேஸ்வரிக்கு நீதிமன்றம் ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொடுத்தது. கோயம்புத்தூர்க்காரர், நல்ல மனிதர், கனடா வந்து ஆறு மாதம். “பிள்ளை ஸ்கூலாலை வரப் பிந்தினால் எனக்கு விசர் வரும்” என்று பாலேஸ்வரி சாட்சி சொன்னார். யாழ்ப்பாணத்தில் இதைச் சொல்லாத தாய் கிடையாது; பதற்றம் என்றும் எரிச்சல் என்றும் அர்த்தம். மொழிபெயர்ப்பாளர் அதை, எனக்குப் பைத்தியம் பிடிப்பதுண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னார். பாலேஸ்வரியின் வக்கீலுக்குத் தமிழ் தெரியாது. அந்த அறையில் பிழையைத் திருத்தக்கூடியவர்கள் இருவர்: ஒருவர் தகப்பன், மற்றவர் நீதிபதி. இருவரும் பேசவில்லை. தாய் தன் மனநோயைத் தானே ஒப்புக்கொண்டார் என்று தீர்ப்பில் ஒரு வரி வந்தது. பிள்ளை தகப்பனிடம் போனான். தாய்க்குச் சனிக்கிழமைகளில் இரண்டு மணித்தியாலம், அதுவும் இன்னொருவரின் மேற்பார்வையில். பன்னிரண்டு வயதில் பிரியந்தன் அதற்கும் வராமல் விட்டான். தகப்பன் அவனுக்கு அந்த வரியை வாசித்துக் காட்டியிருந்தார்.

“நான் சொன்னது உங்களுக்கு விளங்கினதோ?” என்று பாலேஸ்வரி கேட்டார். கதிரையை விட்டு எழவில்லை.

“ஓம். விளங்கினது.”

“பிறகேன் சும்மா இருந்தனீங்கள்?”

அனோஜா நடைபாதை விளிம்பில் உட்கார்ந்தார். “பதிவிலை ஏறுறது மொழிபெயர்ப்பு மட்டும்தான். நீதிபதி சாட்சியாய் மாறக்கூடாது எண்டு நினைச்சன். அது பாதிதான் உண்மை. நான் அப்பதான் வந்தனான். தமிழ் நீதிபதி தமிழிலை வழக்கு நடத்திறா எண்டு ஆரும் சொல்லிப்போடுவினமோ எண்டு பயந்திட்டன்.”

“நீங்கள் பயந்ததுக்கு நான் பிள்ளையைக் குடுத்தன்,” என்றார் பாலேஸ்வரி.

நடைபாதையில் முப்பது பேர் இருந்தார்கள். எல்லோருக்கும் அது கேட்டது.

விண்ணப்பப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது: உங்கள் கடந்த காலத்தில் இந்த நீதிமன்றத்தின் பெயரைப் பாதிக்கக்கூடியது ஏதும் உண்டா? அனோஜா ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். எழுதும்போது அந்த வழக்கு நினைவுக்கு வந்தது, அதைத் தள்ளிவிட்டுத்தான் எழுதினார். இப்போது உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அந்தப் பதிலைத் திருத்தி ஒரு கடிதம் எழுதினார். அவர் எழுத எழுத வெளியில் நின்றவர்கள் வாசித்தார்கள். துர்க்கா ஒவ்வொரு வரியையும் பாலேஸ்வரிக்குத் தமிழில் சொன்னாள். ஆங்கிலத்துக்கு நடுவே ‘விசர்’ என்ற சொல் மட்டும் தமிழ் எழுத்தில் இருந்தது. அதைப் பாலேஸ்வரி தானே வாசித்தார்.

“உந்தக் கடிதத்தை அனுப்பினால் பதவி கிடைக்காது, தெரியுந்தானே?” என்று பஸ்ரியன் கேட்டார்.

“தெரியாது. கிடைக்காட்டிலும் ஏன் எண்டு சொல்லமாட்டினம்,” என்றார் அனோஜா.

ஒரு பிரதி ஒட்டாவாவுக்கும், ஒன்று அவருடைய தலைமை நீதிபதிக்கும், ஒன்று பாலேஸ்வரிக்கும் போனது. ஒட்டாவாவிலிருந்து, கிடைத்தது, நன்றி என்று பதில் வந்தது. ஆகஸ்டில் வேறொருவரை நியமித்தார்கள். எம்பிமார் அவரிடம் இரண்டரை மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். ஒருவர் அவர் மீன்பிடிப்பது பற்றிக் கேட்டார். வாக்கெடுப்பு இல்லை. அவர் நல்ல நீதிபதி என்றே எல்லோரும் சொன்னார்கள். அனோஜா ஏன் தெரிவாகவில்லை, கடிதம்தான் காரணமா என்பது இன்றுவரை தெரியாது.

“அமெரிக்காவிலையெண்டால் அந்தக் கடிதத்தைத் தூக்கிக்காட்டி அவவை உயிரோடை உரிச்சிருப்பினம்,” என்றார் மகேஸ்வரன். குரலில் பழைய உறுதி இல்லை.

“இஞ்சை அது ஃபைலுக்குள்ளை போயிட்டுது,” என்றாள் துர்க்கா. “ரெண்டு இடத்திலையும் அந்த அன்ரியைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டிருக்கமாட்டினம் அப்பா.”

அதன்பின் அவர்கள் அதைப் பற்றி வாதாடவில்லை. கூட்டமும் குறைந்து நின்றுபோனது. தீர்ப்பை மாற்ற வழி இருக்கவில்லை. பிள்ளைக்கு இருபத்துமூன்று வயதாகிவிட்டது. பழைய கோப்பில் கடிதத்தின் பிரதி சேர்க்கப்பட்டது. அனோஜா தன் நீதிமன்றத்துக்குத் தொடர்ந்து போனார். இப்போது மொழிபெயர்ப்பு பிழைத்தால் கையை உயர்த்தி, இந்த மொழி எனக்குத் தெரியும், அந்த வசனத்தை மறுபடி கேளுங்கள் என்று சொல்லி, தான் அப்படிச் சொன்னதையும் பதிவில் ஏற்றச் செய்தார். இரண்டு வக்கீல்கள் முறைப்பாடு கொடுத்தார்கள்.

பாலேஸ்வரி தன் பிரதியை விட்பியில் மின்வேலை செய்யும் மகனுக்குத் தபாலில் அனுப்பியிருந்தார். ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை பிரியந்தன் வேலை உடுப்போடு வந்து அனோஜாவின் வீட்டு வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னபோது வரவில்லை. “யூ நியூ? உங்களுக்கு அப்பவே தெரியுமா?” என்று மட்டும் கேட்டான். “ஓம், தெரிஞ்சுகொண்டுதான் சும்மா இருந்தனான்,” என்றார் அனோஜா. அவன் கொஞ்ச நேரம் சுவர் வழியே அடுத்த தெருவைப் பார்த்தான். காரில் ஏறி நேரே கிழக்கே ஒஷாவாவுக்குப் போனான். தாய் கதவைத் திறந்தபோது அவனை யாரென்று கேட்கவில்லை. ஏன் இவ்வளவு பிந்தி வாறாய் என்று கேட்டார்.

சுவர்கள் திரும்ப மங்கவில்லை. குளிர்காலம் தொடங்குமுன் பஸ்ரியன் வரவேற்பறையில் குடும்பப் படங்களை மாட்டினார். தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குப் படங்களின் முதுகும் ஆணியும் கயிறும் தெரிந்தன. பஸ்ஸுக்கு நின்றவர்கள் ஒருதரம் பார்த்துவிட்டு, பஸ் வருகிறதா என்று திரும்பினார்கள்.