பழைய மழைக்கு வெட்டிய போத்தல்

மூன்றாவது நூறையும் எழுதிய பிறகுதான் என் கை நின்றது.

அது இரண்டாயிரத்தாறு நவம்பர். பதுளையில் ஸலீம் நானாவின் இரும்புக் கடைக்கு மேலிருந்த ஒற்றை அறைதான் எங்கள் சங்கத்தின் அலுவலகம். நாங்கள் மூன்று பேர்: நீர்ப்பாசன இலாகாவில் ஓய்வு பெற்ற சிவஞானம் சேர், மோட்டார் சைக்கிளில் தோட்டம் தோட்டமாக அலையும் எட்வர்ட், பிறகு நான். இருபது வருடத்து மழைப் பதிவுகளைப் படித்த சேர், ஒரு மாதத்து மழை இப்போது இரண்டு மூன்று நாளில் கொட்டிவிடுகிறது என்று கண்டிருந்தார். அதைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் சொல்வதும், மழை அளக்கப் போத்தல் வைப்பதும் எங்கள் வேலை. பெரிய சோடாப் போத்தல்களை வெட்டி, அளவுத் தாள் ஒட்டி, பதினான்கையும் நானே செய்தேன். காலையும் மாலையும் அளவைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்து நூற்றைம்பது மில்லிமீட்டர் ஆனால், மலைக்குக் கீழே இருப்பவர்கள் லயத்தை விட்டு வெளியேற வேண்டும்.

நமுனுகுல மலையடியில் வெள்ளைக்கல் தோட்டத்தின் கீழ் லயத்தில் அளப்பவள் அஞ்சலின். முந்தின நாள் மாலை முப்பத்திரண்டு என்றாள். இன்று காலை ஆறரைக்கு நூறு.

"நூற்றிமுப்பத்திரண்டு. தப்பியாச்சு," என்றார் சேர்.

அவருடைய நிம்மதி எனக்குப் புரிந்தது. மூன்று வாரத்துக்கு முன்பு அதே லயத்து ஆட்களை வெளியேற்றினோம். மலை அசையவில்லை. எல்லோருக்கும் ஒரு நாள் வேலை போயிற்று. இன்னொரு முறை இப்படி நடந்தால் தோட்டத்துக்குள் கால் வைக்க முடியாது என்று தோட்ட நிர்வாகியான துரை சொல்லி அனுப்பியிருந்தார்.

"சேர், பக்கத்துத் தோட்டமும் நூறு. தெமோதரையும் நூறு."

"அதுக்கென்ன பிள்ளை?"

"மூண்டு இடத்திலயும் ஒரு துளி கூடக் குறையாமல் ஒரே மழையா பெய்யும்?"

மேசையில் மிச்சமிருந்த போத்தலை எடுத்துப் பார்த்தேன். தாளின் கடைசிக் கோடு நூறு. அதோடு போத்தலும் முடிந்தது. பழைய பதிவுகளில் ஓர் இரவில் தொண்ணூறைத் தாண்டிய மழையே இல்லை என்று, அந்த இடத்தில் வெட்டியவள் நான். மழை மாறிவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த நாங்கள், பழைய மழைக்குத்தான் போத்தல் செய்திருந்தோம்.

சேர் கண்ணாடியைக் கழற்றினார். "நானும் பார்த்து, சரி எண்டுதானே சொன்னனான்," என்றார் மெதுவாக. "எடும் போனை."

அஞ்சலினின் தொலைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவில் மட்டும்தான் சிக்னல் வரும். அதை அங்கேயே வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவாள். எட்வர்ட் ஏற்கனவே படியில் இறங்கிக்கொண்டிருந்தான். மற்ற இரண்டு இடங்களையும் அழைக்கச் சேரை விட்டுவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

வழியெல்லாம் தண்ணீர் செம்மண் நிறத்தில் பாதையைக் குறுக்கறுத்தது. இரண்டு இடத்தில் கல் விழுந்து கிடந்தது. எட்வர்ட் வேகத்தைக் குறைக்கவில்லை. கீழ் லயத்தில்தான் அவனுடைய அக்காவும் இருந்தாள்.

மழை குறையட்டும் என்று எல்லோரும், காலையில் வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக் களத்துக் கொட்டகையில் படங்குகளைப் போர்த்தியபடி நின்றார்கள். எங்களைக் கண்டதும் ஜொனி கங்காணி சிரித்தார்.

"வாங்க மிஸ். போன தடவை மலை வரலையே, லீவுல போயிருந்திச்சா?"

கொட்டகையே சிரித்தது.

"கீழ் லயத்துல இருக்கிறவங்க உடனே கெளம்பணும்," என்றான் எட்வர்ட்.

"நூத்தம்பது ஆனா கெளம்புங்கன்னு நீங்கதானே படிச்சுப் படிச்சுச் சொன்னீங்க? ஆயிருச்சா?"

நூற்றறுபது என்று சொல்லிவிடலாம். யாருக்குத் தெரியும்? ஆனால் இந்தப் பொய் பிடிபட்டால் பிறகு எந்த அளவையும் யாரும் நம்பமாட்டார்கள்.

"தெரியாது," என்றேன். "போத்தலைச் சின்னதா வெட்டிட்டேன். நூறுக்கு மேல அது காட்டாது. பிழை என்னுடையது."

சிரிப்பு நின்றது. கூட்டத்திலிருந்து அஞ்சலின் முன்னால் வந்தாள். "வழிஞ்சிக்கிட்டுதான் மிஸ் இருந்திச்சு. வழிஞ்சா சொல்லணும்னு நீங்க சொல்லலையே."

"அப்ப எவ்வளவுன்னு யாருக்குமே தெரியாது," என்றார் கங்காணி. "தெரியாத கணக்குக்கு இன்னொரு நாள் பேரு வெட்டுப்பட்டுச் சம்பளம் போகணுமா?"

"பிஸ்கட் டின்னுல அளக்கலாமா?" என்று கேட்டது எட்வர்டின் அக்கா இருதயம்மா. "நேத்துப் பின்னேரம் அளவு பார்க்கறப்பதான் கழுவி வாசல்ல வெச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

எல்லோரும் ஓடினோம். நேரான பக்கங்கள் கொண்ட பெரிய சதுர டின், கூரையை விட்டுத் தள்ளித் திறந்த வெளியில் நின்றது. என் பையிலிருந்த அடிக்கோலை உள்ளே இறக்கினேன். கங்காணியே குனிந்து படித்தார்.

"பத்தொன்பது சென்டிமீட்டர். மிஸ், அதை உங்க கணக்குல சொல்லுங்க."

"நூற்றித்தொண்ணூறு."

அவர் விசிலை எடுத்து ஊதினார்.

இருபத்திரண்டு வீட்டு ஆட்களும் மேட்டிலிருந்த மாதா கோயிலுக்கு ஏறினார்கள். பதினொரு மணிக்கு மழை விட்டது. பன்னிரண்டுக்கு வெயிலே வந்தது. ஆட்கள் வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். "உடுப்பாவது காயப் போடலாம்," என்று யாரோ முணுமுணுத்தார். எட்வர்ட் படியின் குறுக்கே உட்கார்ந்திருந்தான். அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஒரு மணிக்குச் சற்றுப் பின்னால் தேயிலைச் செடிகள் நடந்தன. அப்படித்தான் தெரிந்தது. வரிசை குலையாமல், நின்ற நிலையிலேயே சரிவில் இறங்கின. சத்தம் பிறகுதான் வந்தது. சேறும் கல்லும் அடங்கியபோது கீழ் லயம் இருந்த இடத்தில் சிவப்பு மண் இருந்தது.

யாரோ அலறினார்கள். ஜொனி கங்காணி பெயர்கள் எழுதிய காலைப் பெரட்டுத் துண்டை மடிப்புப் பிரித்து, வீடு வீடாகப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு குரல் வந்தது. நான் விரலில் எண்ணினேன்.

"இருதயம்மா!"

பதில் இல்லை. எட்வர்ட் எழுந்தான்.

"இருதயம்மா!"

"இருக்கேங்க," என்று பீடத்துக்குப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "காது அடைச்சிருச்சு." மடியில் அந்தப் பிஸ்கட் டின் இருந்தது.

கடைசிப் பெயரும் முடிந்த பிறகு கங்காணி துண்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தார். அவருடைய வீடும் கீழ் லயத்தில்தான் இருந்தது. என் பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்தார்.

"மிஸ்," என்றார், மலையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "அடுத்த போத்தலைக் கொஞ்சம் ஒசரமா வெட்டுங்க."