பதினான்கு மில்லிமீட்டர் வளைவு

ஏப்ரல் 16, வியாழன். நான் செய்த ஃபோர்க்கின், சைக்கிளின் முன் சக்கரத்தைப் பிடிக்கும் கவைக்குழாயின், வளைவைத் தவறாக அளந்திருக்கிறேன். குழாயின் நடுக்கோட்டிலிருந்து அளக்க வேண்டியதை முன் விளிம்பிலிருந்து அளந்துவிட்டேன். பாதிக் குழாயளவு, பதினான்கு மில்லிமீட்டர், வளைவு கூடிவிட்டது.

அது டீகனின் சைக்கிளில் இருக்கிறது. சைக்கிள் செய்யக் கற்றுத்தரும் மாலை வகுப்பில் எனக்குப் பக்கத்து மேசைக்காரி. ஞாயிறன்று இங்கே போர்ட் அகஸ்டாவிலிருந்து அதில் தனியாக, வறண்ட சமவெளி வழியே 2,400 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பெர்த்துக்குக் கிளம்புகிறாள்.

இன்று வகுப்புக்கு முன் நெடுஞ்சாலையில் ஓட்டிப் பார்த்தோம். தண்ணீரெல்லாம் பின் கேரியரில். முகத்தில் உட்கார்ந்த ஈயை விரட்ட ஒரு கையை எடுத்தாள். ஹேண்டில்பார் உதறத் தொடங்கியது. அதே நேரம் மூன்று பெட்டி இழுக்கும் லாரி ஒன்று கடந்தது. சரளையில் இறங்கி, விழாமல் நின்றாள்.

"ஈ ஓட்டக்கூடக் கூடாதா? என்னடா செஞ்சு குடுத்திருக்க, லாக்லன்?"

"அடி பட்டுச்சா?"

"பட்டிருந்தா இவ்ளோ மரியாதையா பேசுவேனா?"

பட்டறையில் சக்கரத்தைக் கழற்றி அளந்தபோதுதான் தெரிந்தது. ஹேண்டில்பார் திரும்பும் குழாயைத் தரைவரை நீட்டினால் அது தொடும் இடத்துக்குச் சற்றுப் பின்னால்தான் சக்கரம் தரையில் படும். அந்த இடைவெளிதான் சக்கரத்தை நேராக இழுத்துப் பிடிக்கிறது. ஃபோர்க்கை முன்னால் வளைக்க வளைக்க இடைவெளி குறையும். சக்கரம் லேசாகத் திரும்பும். பின்னால் மட்டும் பாரம் ஏற்றினால் உதறும்.

"சுத்தியால பின்பக்கமா தட்டி விட்டுடேன்," என்றாள்.

"ஒருதரம் வளைச்ச குழாய். திரும்ப வளைச்சா எங்க விரிசல் விடும்னு எனக்குத் தெரியாது. புதுசு செய்ய ஒரு வாரம் ஆகும்."

"ஒரு வாரமா? லீவே மூணு வாரம்தான்."

முன் சக்கரத்தின் இருபுறமும் தாழ்வாகப் பாரம் வைத்தால் இந்த வளைவிலும் உதறல் அடங்கும் என்று வகுப்பில் கேட்டிருக்கிறேன். சரியாகக் கேட்டேனா என்று நிச்சயமில்லை. பட்டறையில் கிடந்த பழைய முன் கேரியரை மாட்டி, தண்ணீர்ப் பைகளில் பாதியை முன்னால் மாற்றினோம். மறுபடி நெடுஞ்சாலை. ஒரு கையை விட்டாள். பிறகு இரண்டையும். லாரி வந்தது, அதன் காற்றில் கொஞ்சம் ஒதுங்கினாள், உதறவில்லை.

"இப்ப வரட்டும் அந்த ஈ!" என்று கத்தினாள்.

திரும்பி வந்ததும் அவள் கேட்ட கேள்வி எனக்குத் தோன்றவேயில்லை.

"தண்ணிய நான் குடிப்பேன்ல? பை காலியானா முன்னால ஏது பாரம்?"

"பின்னால இருக்கறத முதல்ல குடி."

"அதுவும் தீரும். அங்க ரோடு தீரவே தீராது, தெரியும்ல?"

முன் கேரியரின் திருகுகளை இறுக்கத் தொடங்கினேன். அதற்குள் அவளே மூட்டையைப் பிரித்துத் தரையில் பரப்பியிருந்தாள்: கூடாரம், கருவிகள், பூட்டு, அடுப்பு.

"குறையாததெல்லாம் முன்னால. குடிக்கறதும் திங்கறதும் பின்னால. சரியாடா?"

சரியாகத்தான் தோன்றியது. பதினான்கு மில்லிமீட்டரும் அளக்கும்போது சரியாகத்தான் தோன்றியது. அதனால் சரி என்று சொல்லவில்லை; நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். முகம் சுளித்தாள், ஆனால் சைக்கிளை என்னிடம் விட்டுவிட்டுப் போனாள்.

நாளை, வெள்ளி: கூடாரமும் கருவிகளும் முன்னால், பின்னால் முழுத் தண்ணீர். நெடுஞ்சாலையில் நானே ஓட்டி, ஒரு கையை விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடியும். எதிலாவது உதறினால் ஞாயிறு கிளம்பாதே என்று சொல்ல வேண்டும்.