பச்சைக் கிலி

மூன்றாம் வகுப்பு அறையில் மலை முளைத்தது ஒரு செவ்வாய்க்கிழமை, இரண்டாவது பீரியடில். பெரிய மலை என்று சொல்ல முடியாது. உச்சி மின்விசிறிக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. கடைசி பெஞ்சைத் தூக்கிக்கொண்டு அது எழும்பியதில், அங்கே உட்கார்ந்திருந்தவர்களுக்குக் கரும்பலகை முன்னைவிட நன்றாகத் தெரிந்தது. காரணத்தை யாரும் தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. பலகையில் பஸ் அக்கா ‘நேற்று மலை பெய்தது’ என்று எழுதியிருந்தாள்.

ஆசிரியர் கிடைக்காமல் அந்தப் பள்ளி திண்டாடிய காலம் அது. வேலை கேட்டு வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பார்கள், சம்பளத்தைக் கேட்பார்கள், டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சரி, இருக்கிற ஆட்களையே ஆசிரியர்களாக்கிவிடுவோம் என்று தலைமையாசிரியை முடிவெடுத்தார். சம்பளம் உண்டு, வகுப்பில் நின்றுகொண்டே கற்றுக்கொள்ள வேண்டும், வருடக் கடைசியில் வெளியிலிருந்து இரண்டு பேர் வந்து பின்னால் உட்கார்ந்து பார்ப்பார்கள். நூலகர் சேர்ந்தார், வாட்ச்மேன் சேர்ந்தார், பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்த பஸ் அக்காவும் சேர்ந்தாள். நூலகர் சத்தமில்லாமல் தேறிக்கொண்டிருந்தார். வாட்ச்மேனுக்கு ஒரே வாரத்தில் தொண்டை கட்டிவிட்டது, வாசல் கேட்டே கதி என்று திரும்பிவிட்டார். பஸ் அக்காவுக்கு அந்த வழியும் இல்லை. பஸ்ஸில் அவள் இடத்துக்கு வேறொருத்தி வந்தாயிற்று. தேறினால் டீச்சர், இல்லையென்றால் வீடு. வீட்டிலோ கட்டட வேலையில் முதுகு போன கணவர் படுத்த படுக்கையாக இருந்தார்.

அவள் ஒன்றும் படிக்காதவள் இல்லை. தபால் வழியில் பட்டம் வாங்கியவள்தான். தனியாக உட்கார்ந்து எழுதினால் ஒரு பிழை இருக்காது. பின்னால் யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் மட்டும் ல, ள, ழ மூன்றும் கையில் ஒன்றாகிவிடும். அவளுக்குப் பயிற்சி கொடுத்த கண்ணாடி டீச்சரின் வேலையே பின்னால் உட்கார்ந்து பார்ப்பதுதான். ‘எங்கள் பல்லி’ என்று தலைப்பிட்ட அன்று, சுவர் தெரியாத அளவுக்குப் பல்லிகள் வந்தன. மலையைப் போக்க அழித்துப் பார்த்தார்கள். எழுத்து போனது, மலை அசையவில்லை. கண்ணாடி டீச்சர் ‘மழை’ என்று திருத்தி எழுதினார். அது வெறும் சொல்லாகப் பலகையில் இருந்தது. பிழைகளுக்கு மட்டுமே உயிர் வந்தது. பிள்ளைகளுக்கு இதெல்லாம் கொண்டாட்டம். மலையேற்றத்தில் முட்டி பெயர்ந்தது ஒன்றுதான் நஷ்டம்.

கிலி வந்த பிறகு நிலைமை மாறிப்போனது. ‘பச்சைக் கிலி பறந்து வந்தது’ என்று அவள் எழுதி முற்றுப்புள்ளி வைப்பதற்குள் அது அறைக்குள் பறக்கத் தொடங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாது, இறகடிப்பு கேட்கும். யார் தலைக்கு மேல் போகிறதோ அவர்கள் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு, செய்துகொண்டிருந்ததை மறந்துபோவார்கள். ஆசிரியர்கள் அறைக்குள் அது நுழைந்த அன்று கணக்கு வாத்தியாருக்கே வாய்ப்பாடு வரவில்லை. ஊரெல்லாம் சுற்றிவிட்டு, கடைசியில் அது ஜன்னல் பாப்பாவின் மேசையில் போய் உட்கார்ந்துகொண்டது.

ஜன்னல் பாப்பா பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் வாந்தி எடுக்கிற பிள்ளை. பஸ் அக்கா பஸ்ஸில் இருந்தவரை தினமும் அவள் மடியில் தலை வைத்துத்தான் வீடு போவாள். அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். பையைத் தொட்டாலே உதறுகிறது என்று அவளுடைய அம்மா வந்து சொன்னார். வேலை போவதைவிட இது பெரிய பாவம் என்று பஸ் அக்காவுக்குத் தோன்றியது. அதன்பின் அவள் சாக்பீஸைத் தொடவே இல்லை, எல்லாவற்றையும் வாயாலேயே நடத்தினாள்.

“எழுதாம எப்படிம்மா தேறுவே?” என்றார் கண்ணாடி டீச்சர்.

“எழுதினா இன்னும் என்ன வந்து தொலையுமோ டீச்சர். இதை எப்படி ஓட்டுறதுன்னாச்சும் சொல்லுங்களேன்.”

“எனக்கே தெரியலம்மா. நான் படிச்ச காலத்துல இதெல்லாம் பாடத்துல இல்ல,” என்று அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

வெளியாட்கள் இருவரும் வந்த அன்று, ஒரு பிள்ளைகூடக் குறையக் கூடாது என்று தலைமையாசிரியை ஜன்னல் பாப்பாவையும் வரவழைத்திருந்தார். அவள் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள், உள்ளே வரவில்லை. வந்தவர்கள் மலையடிவாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். பாப்பாவின் மேசையில் கிலி இறகைச் சிலிர்க்கும் சத்தம் கேட்டது. பஸ் அக்கா சாக்பீஸை எடுத்தாள், வாசலைப் பார்த்தாள், சாக்பீஸைக் கீழே வைத்தாள். பாடத்தை விட்டுவிட்டு நேராக அந்த மேசைக்குப் போய், பெஞ்சில் உட்கார்ந்து, பஸ்ஸில் அழுகிற பிள்ளைகளைக் கூப்பிடுகிற அதே குரலில் கிலியைக் கூப்பிட்டாள்.

“இங்க வா. இடம் இருக்கு, வந்து உக்காரு.”

அது அவளுடையதுதானே, வந்தது. புத்தகம் திணித்த பள்ளிப்பையின் கனம் மடியில் இறங்கியது. கொஞ்ச நேரத்தில் அது புடவையைப் பற்றி ஏறி இடது தோளில் உட்கார்ந்துகொண்டது. அவளுக்குக் கழுத்து சில்லிட்டது, நாக்கு ஒட்டிக்கொண்டது. அப்படியே எழுந்து போய்ப் பலகையில் எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது: ‘பச்சைக் கிளி பறந்து வந்தது.’ எதுவும் வரவில்லை. மலைமேல் இருந்தவர்கள் ஏமாந்துபோய் ‘ச்சே’ என்றார்கள்.

“தோள்ல என்னமோ இறகடிக்குதே, என்னம்மா அது?” என்று வந்தவர்களில் ஒருவர் கழுத்தைச் சுருக்கிக்கொண்டே கேட்டார்.

“என்னோடதுதான் சார்.”

அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். ஆள் பயத்தோடுதான் இருக்கிறாள், ஆனாலும் வகுப்பு நடக்கிறது என்று சொல்லித் தேர்ச்சி கொடுத்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகு ஜன்னல் பாப்பா நிலையை விட்டுவிட்டு உள்ளே ஓரடி வைத்தாள்.

“அது கடிக்குமா டீச்சர்?”

அதுவரை அந்தப் பள்ளியில் யாரும் பஸ் அக்காவை டீச்சர் என்று கூப்பிட்டதில்லை.

“கடிக்கும். என்னை மட்டுந்தான். நீ போய் உக்காரு.”

மலை இன்னும் அங்கேதான் இருக்கிறது. குறும்பு செய்கிறவர்களை அடிவாரத்துக்கு இறக்குகிறார்கள். டீச்சரின் இடது தோள் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் தாழ்ந்துகொண்டு வருகிறது. ரவிக்கைக்கு அளவெடுக்கும் தையல்காரி கேள்வி எதுவும் கேட்பதில்லை, அந்தப் பக்கம் ஒரு விரற்கடை துணி கூடுதலாக விட்டுத் தைக்கிறாள்.