தங்கைக்கு வராத நோய்

அக்காவுக்குக் குடலில் கட்டி வந்த வருடம் தங்கைக்கு ஒன்றும் ஆகவில்லை. தெருவில் இதைக் கேட்டவர்கள் முதலில் நம்பவில்லை. ஒரே அச்சில் வார்த்த மாதிரி ஒரே பிரசவத்தில் பிறந்த அந்த இருவருக்கும் அதுவரை எது வந்தாலும் சேர்ந்தேதான் வந்திருக்கிறது. அக்கா மாடிப்படியில் தடுக்கி விழுந்தால் கீழே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் தங்கையின் முழங்காலில் தோல் உரியும். தங்கைக்குப் பல் பிடுங்கினால், பக்கத்து நாற்காலியில் வாயை மூடி உட்கார்ந்திருக்கும் அக்கா தன் பல்லைக் கையில் துப்புவாள். தெருமுனை டாக்டர் இதைப் பெரிதுபடுத்தவில்லை. ஒருத்திக்கு ஊசி போட்டுவிட்டு இருவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். மருந்தும் மிச்சம், அழுகைச் சத்தம்தான் குறையவில்லை என்பார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒருத்தியைக் கிள்ளிவிட்டு இரண்டு பேர் அழுவதை வேடிக்கை பார்த்து, கொஞ்ச நாளில் அதுவும் சலித்துப்போய் வேறு விளையாட்டுக்குப் போனார்கள்.

வளர்ந்த பிறகு அக்கா ஒரு ரொட்டிக்கடையில் அடுப்படி வேலைக்குச் சேர்ந்தாள். பஸ் ஓட்டும் ஒருவரைக் கட்டிக்கொண்டு கடைக்குப் பின்தெருவில் குடி போனாள். தங்கை நாலு தெரு தள்ளி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் சில்லுகளைத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்தும் வேலை பார்த்தாள். அவள் மணிக்கட்டில் திடீரென்று கொப்புளம் எழும்பினால் அங்கே அடுப்பிலிருந்து தட்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம். கண்ணாடிக்காகக் காத்திருப்பவர்கள், "சூடா ரொட்டி வாங்கிட்டு வந்துடறோம்மா" என்று எழுந்து போவார்கள். அக்காவுக்குப் பிரசவ வலி எடுத்த அன்று தங்கை ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிக்கொண்டிருந்தாள். பிற்பகல் முழுக்க மேஜைக் காலைப் பிடித்துக்கொண்டு துடித்தாள். எல்லாம் முடிந்தபோது அவள் மடியில் ஒன்றும் இல்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு குழந்தையைப் பார்க்கப் போனாள். பெண் குழந்தை. இரண்டு பேர் நோவுபட்டுப் பெற்ற பிள்ளை என்பதால் அதன்மேல் சித்திக்கு இருந்த உரிமையை யாரும் கேள்வி கேட்கவில்லை. அவளுக்கென்று ஒரு கல்யாணம் மட்டும் அமையவில்லை; பெண் பார்க்க வந்தவர்கள், வரப்போகிறவள் அடிக்கடி காரணமில்லாமல் ரத்தம் சிந்துவாள் என்று கேள்விப்பட்டதும் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்கள்.

நாற்பது தாண்டியதும் கொப்புளம் கொப்புளமாக வராமல் வெறும் சிவப்பாக வந்தது. பிறகு அரிப்பாக வந்தது. பிறகு வரவே இல்லை. அக்கா ஒருவழியாகக் கையுறை போடக் கற்றுக்கொண்டாள் என்று தங்கை நினைத்தாள். தங்கையின் ஒற்றைத் தலைவலி தன்னிடம் வராமல் நின்றதைக் கவனித்த அக்கா, கடையில் அவளுக்கு வேலை குறைந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தாள். ஒருத்திக்காக மற்றவள் சந்தோஷப்பட்டாள். சந்தோஷமான விஷயத்தைத் துருவிக் கேட்பானேன் என்று இருவருமே விட்டுவிட்டார்கள்.

அப்படி இருக்கும்போதுதான் அக்காவுக்கு மலத்தோடு ரத்தம் போக ஆரம்பித்தது. அவள் தங்கைக்குப் போன் செய்தாள்.

"உனக்கு வயிறு எப்படிடி இருக்கு?"

"எனக்கென்ன, கல்லைத் தின்னாலும் செரிக்குது. ஏன்க்கா?"

"சும்மாதான் கேட்டேன்."

தெருமுனை டாக்டரும் அதையேதான் கேட்டார். அவருக்கு வயதாகியிருந்தது, ஆனாலும் இந்தக் குடும்பத்தின் வைத்திய முறை அவருக்கு அத்துப்படி. தங்கச்சி எப்படி இருக்கா என்றார். நல்லா இருக்கா என்றாள் அக்கா. "அப்புறம் என்னம்மா, பெரிய வியாதின்னா அவளுக்கும் வந்திருக்கணுமே. இது மூலம்தான்" என்று ஒரு களிம்பை எழுதிக் கொடுத்தார். அந்தக் களிம்பிலேயே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. அக்காவின் முகம் மாவு பூசியது போல் வெளுத்தது. ரெண்டு எட்டு வைத்தால் மூச்சு வாங்கியது. பஸ் டிரைவர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கூப்பிட்ட போதெல்லாம் அவள் தங்கைக்குப் போன் போட்டாள்; அந்தப் பக்கம் தங்கை கலகலவென்று சிரிப்பதைக் கேட்டாள்; "அவளே குத்துக்கல்லாட்டம் இருக்கா, எனக்கென்ன வரப்போகுது" என்று வேலைக்குக் கிளம்பினாள். ஒருநாள் ரொட்டித் தட்டோடு அடுப்புக்கு முன்னால் சரிந்தாள். தூக்கிக்கொண்டு போய்ப் பார்த்தபோது பெருங்குடலின் வலது பக்கத்தில் கட்டி. அது ஈரலுக்கும் தாவியிருந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் குடல் அறுவை செய்யும் அம்மாள் ஒருத்தி இருந்தாள். அதிகம் பேசாதவள். தங்கை கெஞ்சியதற்காக அவள் குடலுக்குள்ளும் கேமராக் குழாய் விட்டுப் பார்த்தாள். துலக்கி வைத்த பாத்திரம் போலச் சுத்தமாக இருந்தது. அக்காவை அறுவைக்கு உள்ளே கொண்டுபோனபோது தங்கை வெளியே பெஞ்சில் மல்லாந்து படுத்து, சட்டையை லேசாக உயர்த்தி, வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்தார்கள். கீறலாவது விழும், ஒரு சுருக்காவது தைக்கும் என்று இருந்தாள். உள்ளே ஒரு முழக் குடலை வெட்டி எடுத்து மீதியை இணைத்துத் தைத்து முடித்தார்கள். அவளுக்குப் பசித்தது. அது ஒன்றுதான் அவள் வயிற்றில் நடந்தது. அதற்காக அவள் தன்னை ரொம்ப நாள் மன்னிக்கவில்லை.

"எனக்கு மட்டும் ஏன் வரல டாக்டர்? நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானே?" என்று கேட்டாள்.

"பொறந்தப்போ உடம்புல எழுதியிருந்தது ஒண்ணுதான்மா. ஒரு எழுத்துகூட வித்தியாசம் கிடையாது" என்றாள் டாக்டர். "செல் பெருகும்போது பிழை வரும். அதைத் திருத்தறதுக்குன்னே ஒரு மரபணு இருக்கு. உங்க அக்காவோட கட்டியில அது உடைஞ்சுபோகல, முழுசாத்தான் இருக்கு. ஆனா அதுமேல ஒரு ரசாயனம் பொட்டுப் பொட்டா ஒட்டிக்கிட்டு வாயை அடைச்சுடுச்சு. திருத்த ஆளில்லாம பிழைமேல பிழை சேர்ந்து கட்டியாயிடுச்சு. உங்களுக்கு அதே மரபணு வாய் திறந்து வேலை செய்யுது."

"அவளுக்கு மட்டும் ஏன் ஒட்டணும்?"

"வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் ஒட்டும். சாப்பாடு, புகை, வாழற விதம் எல்லாத்துக்கும் பங்கு இருக்கலாம்னு சொல்றாங்க. இவங்களுக்கு இதனாலதான்னு என்னால அடிச்சுச் சொல்ல முடியாது. ஒரே வீட்டுல இருந்த வரைக்கும் நீங்க ஒண்ணு. தனித்தனியா வாழ ஆரம்பிச்சா ஒட்டறதும் தனித்தனியா ஆயிடும்."

"ஒட்டினதைப் பிரிக்க முடியாதா?"

"முடியும்னு நம்பித்தான் மருந்து தேடறாங்க. எழுத்தை மாத்தறதைவிட அது சுலபம். ஆனா உங்க அக்காவுக்கு அது கைக்கு எட்டுமான்னு எனக்குத் தெரியலம்மா."

டாக்டர் சொன்னதில் கடைசி வாக்கியத்தைத் தங்கை காதில் போட்டுக்கொள்ளவில்லை. தனித்தனியாக வாழ்ந்ததால் ஒட்டியது, சேர்ந்து வாழ்ந்தால் உதிரும் என்று முடிவுகட்டினாள். கண்ணாடிக் கடையில் சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்கு வந்தாள். அக்கா சாப்பிட்டதைச் சாப்பிட்டாள், அவள் தூங்கிய நேரத்தில் தூங்கினாள். ரொட்டிக்கடைக்காரரிடம் கேட்டு, அக்காவின் இடத்தில் அடுப்புக்கு முன்னால் நின்றாள். வேண்டுமென்றே மணிக்கட்டைத் தட்டில் வைத்துச் சுட்டுக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்து அக்காவின் கையைப் புரட்டிப் பார்த்தாள். அக்காவின் கை எலும்பும் தோலுமாக, ஊசி ஏற்றிய தழும்புகளோடு இருந்தது. சூட்டுக் காயம் மட்டும் இல்லை.

அக்காவுக்கு விஷயம் புரிந்தபோது எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"நீ இங்க வந்து உக்காந்தா எல்லாம் உதிர்ந்துடுமா?"

"உதிரும்க்கா."

"சரி, யாருக்கு உதிரும்? நான் உன்னை மாதிரி ஆவேனா, இல்ல நீ என்னை மாதிரி ஆயிடுவியா?"

தங்கை அதை யோசித்திருந்தாள். அதனால் குனிந்து போர்வையைச் சரிசெய்தாள்.

"போடி வெளியே" என்றாள் அக்கா. "உனக்கும் வந்துட்டா எம்பொண்ணுக்கு யாரு இருக்கா?"

தங்கை போகவில்லை. அதன்பிறகு அந்த வீட்டில் ஒரு விசித்திரமான சண்டை நடந்தது. தங்கை அக்காவைப் போல் ஆகப் பார்த்தாள். அக்கா தங்கையைப் போல் இல்லாமல் இருக்கப் பார்த்தாள். தங்கை சூப் குடித்தால் அக்கா வேண்டாம் என்று பழச்சாறு கேட்டாள். தங்கை இடதுபக்கம் திரும்பிப் படுத்தால் அக்கா வலியைப் பொறுத்துக்கொண்டு வலதுபக்கம் திரும்பினாள். பிறந்ததிலிருந்து ஒரே பக்கமாக எடுத்த வகிட்டை, மிச்சமிருந்த கொஞ்ச முடியில், மறுபக்கமாக மாற்றிக்கொண்டாள். பஸ் டிரைவர் இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு விதமாகச் சமைத்து, யார் எதைச் சாப்பிட்டார்கள் என்று மற்றவளிடம் பொய் சொன்னார். தன் பிள்ளையைக் காப்பாற்றுவதாக நினைத்து அக்கா இப்படிச் செய்கிறாள் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். தங்கைக்கு மட்டும் தெரியும், பிள்ளை என்பது ஒரு சாக்கு.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு மத்தியானம், அக்கா கண்ணைத் திறந்து பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

"உனக்கு எங்கயாவது வலிக்குதாடி?"

பொய் சொல்லிவிடலாமா என்று தங்கைக்குத் தோன்றியது. "இல்லக்கா" என்றாள்.

"நல்லதாப் போச்சு" என்று அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். மூடியது மூடியதுதான்.

துக்கத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேர் வாசலிலேயே தயங்கி, ரெண்டு பேரையும் எங்க வெச்சிருக்கீங்க என்று கேட்டார்கள். தங்கையே அவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள். சிலர் மன்னிப்புக் கேட்டார்கள். தெருமுனை டாக்டர் மூலையில் உட்கார்ந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த மாதம் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டார்.

வருடங்கள் போயின. பஸ் டிரைவர் ஓய்வு பெற்று வீட்டில் அடங்கினார். மகளுக்கு வேலை கிடைத்தது. தங்கை மறுபடியும் கண்ணாடிக் கடைக்குப் போனாள். அவள் முகத்தில், அக்கா பார்த்தே இராத சுருக்கங்கள் விழுந்தன. காலையில் முகம் கழுவும்போது கண்ணாடியில் அக்காவைப் பார்த்துப் பழகியவளுக்கு, மெல்ல மெல்ல அங்கே தான் மட்டும் நிற்பது தெரிந்தது. கூடப் பிறந்தவளுக்கு வந்ததால் சித்தி தவறாமல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். ஒவ்வொரு முறையும் குடல் டாக்டர் சுத்தம் என்று சொல்லி அனுப்பினாள். அதைக் கேட்டுவிட்டு வெளியே வரும் தங்கை, ஏதோ பரீட்சையில் தோற்றவள் போலப் படியிறங்குவாள்.

கடைசியாகப் பார்த்தபோது டாக்டருக்கும் தலை நரைத்திருந்தது. தங்கை மயக்க மருந்து வேண்டாம் என்றுவிட்டாள். திரையில் இளஞ்சிவப்பான குகை மாதிரி குடல் வளைந்து வளைந்து போயிற்று. வலதுபக்கம் போய்ச் சேர வேண்டிய இடம் சீக்கிரமே வந்துவிட்டது. டாக்டர் குழாயை நிறுத்தினாள். குடல் அங்கே ஒரு முழம் குறைந்திருந்தது. சுற்றிலும் வெளுப்பான வளையமாக ஒரு பழைய தழும்பு. டாக்டர் ரொம்ப நேரம் அதையே பார்த்தாள். ஒரு தையல்காரி தன் தையலை எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள்.

"இது நான் போட்ட தையல்" என்றாள்.

"தெரியும் டாக்டர்" என்றாள் தங்கை. "போன வாரத்துலேருந்து அந்த இடத்துல இழுத்துப் பிடிக்குது."

"ரொம்ப வலிக்குதா?"

"வலிக்குது" என்றாள். அவள் கண்களிலிருந்து நீர் வழிந்து இரண்டு காதுக்குள்ளும் இறங்கியது. டாக்டர் திரையை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் திருப்பி வைத்தாள். அடுத்த ஆளை அனுப்பலாமா என்று எட்டிப்பார்த்த நர்ஸிடம், கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள். கட்டி எதுவும் இல்லை, சுத்தமாக ஆறியிருக்கிறது, பாரம் தூக்கக் கூடாது என்று வழக்கமாக அறுவை முடிந்தவர்களுக்குச் சொல்வதைச் சொன்னாள்.

வெளியே மகள் எழுந்து வந்தாள். "என்ன சித்தி சொன்னாங்க?"

"ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிடுச்சாம்."

மகள் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, தையல் போட்டவர்களை எப்படிப் பிடித்து நடத்துவார்களோ அப்படி அவள் முழங்கையைத் தாங்கி, படியில் ஒவ்வொரு காலாக இறக்கிக் கூட்டிப்போனாள்.