மாடிக்கு மட்டும் வந்த பைக்காரம்மா

வாரம் தவறாமல் ஒருவர் உங்கள் வீடு தேடி வந்து, எதிரே உட்கார்ந்து, "இந்த வாரம் நீங்க எப்படி இருந்தீங்க?" என்று கேட்டதுண்டா? குழந்தை எப்படி இருக்கிறது என்று இல்லை. நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்று.

என்னை யாரும் கேட்டதில்லை. மாடியில் இருக்கும் என் ஓரகத்தியைக் கேட்டார்கள். செவ்வாய்க்கிழமை தோறும், காலை பத்தரை மணிக்கு. நான் கீழே படியில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றரை வருடம்.

எங்கள் வீடு ஒன்று, வாசல் கதவு இரண்டு. மாடியில் என் கணவரின் அண்ணன் குடும்பம், கீழே நாங்கள். மாடிக்குப் போக வெளியே ஓர் இரும்புப் படி உண்டு. வீட்டுக்குள்ளும் ஒரு மரப்படி உண்டு. அண்ணன் தம்பி இருவரும் ஆளுக்கு ஒரு கதவு எண் வாங்கி வைத்திருந்தார்கள். குழந்தைகளுக்கான அந்தத் திட்டத்து ஆட்கள் தெருத் தெருவாக வந்து பெயர் எழுதியபோது, வெளியே நின்று எண்ணைப் பார்த்து, எங்களை இரண்டு வீடு என்று எழுதிக்கொண்டார்கள். மரப்படியை யாரும் பார்க்கவில்லை.

திட்டம் இதுதான். மூன்று வயதுக்குள் குழந்தை இருக்கும் வீட்டுக்கு வாரம் ஒருமுறை ஒரு பெண் பையோடு வருவாள். குழந்தையோடு எப்படிப் பேசுவது, எப்படி விளையாடுவது, அடம் பிடித்தால் என்ன செய்வது என்று அம்மாவுக்குக் காட்டித் தருவாள். அம்மாவின் மனசு எப்படி இருக்கிறது என்றும் பார்ப்பாள். ஆனால் இதனால் உண்மையிலேயே பலன் உண்டா என்று தெரிய வேண்டுமாம். அதனால் பாதி வீடுகளுக்கு இப்போது, மீதி வீடுகளுக்கு ஒன்றரை வருடம் கழித்து. அதுவரை இரண்டு பக்கத்துக் குழந்தைகளையும் அளந்து வித்தியாசம் பார்ப்பார்களாம். யாருக்கு முதலில் என்பது கம்ப்யூட்டர் போடும் குலுக்கல்.

மாடிக்கு விழுந்தது. எனக்கு விழவில்லை.

"கம்ப்யூட்டருக்குக் கண்ணு கிடையாதும்மா. மனசுல வச்சுக்காதீங்க," என்றார் அலுவலகத்து ஆள்.

கண் கிடையாதாம். கண் இல்லாததெல்லாம் எப்படித்தான் வழி கண்டுபிடித்து என் ஓரகத்தியிடம் போகிறதோ. காற்று மாடிக்குத்தான் வரும். வெளிச்சமும் மாடிக்குத்தான். அவளுடைய அம்மா வீடு நாலு தெரு தள்ளி, என்னுடையது ரயிலில் ஒன்றரை நாள். அவளுக்குப் பிறந்தது சுவர் அதிரச் சிரிக்கும் ஒரு பையன். நாங்கள் உருண்டை என்று கூப்பிடுவோம். மூன்று வாரம் கழித்து எனக்குப் பிறந்தவள் எறும்பு. சின்ன உடம்பு. கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு மூலைக்குப் போய்விடுவாள், சத்தமே இருக்காது.

முதல் செவ்வாய்க்கிழமை நான் ஒட்டுக் கேட்கவென்று போகவில்லை. துவைத்த துணிக் கூடையோடு மரப்படியில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தேன். மேலே உள்கதவு திறந்திருந்தது.

"இந்த வாரம் நீங்க எப்படி இருந்தீங்க?" என்று கேட்டாள் பையோடு வந்தவள். நான் அவளுக்குப் பைக்காரம்மா என்று பெயர் வைத்தேன்.

"எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கேன். இடுப்புதான் கொஞ்சம் பிடிச்சுக்குது."

கொஞ்சம் என்றாளே தவிர, அந்த இடுப்பைப் பற்றி இருபது நிமிடம் பேசினாள். பைக்காரம்மா ஊம் ஊம் என்று கேட்டாள். நடுவில் எதற்கோ இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கும் இடுப்பு இருந்தது. அதுவும் வலித்துக்கொண்டுதான் இருந்தது.

பிறகு பைக்காரம்மா சொன்னாள்: "தனியா நேரம் ஒதுக்க வேணாம். வேலை செய்யறப்பவே பேசிட்டே இருங்க. துணி மடிக்கிறீங்களா, இது அப்பா சட்டை, இது உன் சட்டைன்னு சொல்லுங்க."

என் கையில் சட்டைதான் இருந்தது. மடியில் எறும்பு. "இது அப்பா சட்டை," என்று அவள் காதில் ரகசியமாகச் சொன்னேன். அவள் என் வாயையே பார்த்தாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பைக்காரம்மா மேலே எதைக் காட்டினாலும் அது மறுநாள் என்னிடமும் இருக்கும். தண்ணீர் பாட்டிலுக்குள் சட்டைப் பொத்தான் போட்டுக் கிலுகிலுப்பை. கிழிந்த காலுறையில் பொம்மை. அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று கைவிட்டுப் பார்க்கும் விளையாட்டு. ஒரு செவ்வாய்க்கிழமை மேலே, குழந்தை ராத்திரி எழுந்து எழுந்து அழுதால் என்ன செய்வது என்று கேள்வி வந்தது. எறும்பு அப்படித்தான் அழுவாள். பைக்காரம்மா சொன்ன மாதிரி செய்தேன். ஒரே வாரத்தில் சரியானது.

மேலே வாரத்துக்கு ஒருநாள் நடந்தது கீழே தினமும் இரண்டு வேளை நடந்தது. அவளைவிட நான் நன்றாகச் செய்ய வேண்டும், அவ்வளவுதான். குழந்தைக்காகச் செய்தேன் என்று எழுத ஆசைதான். பாதிதான் உண்மை.

"என்ன, நாள் முழுக்க ரேடியோ ஓடுது? என்கிட்ட பேசத்தான் உனக்கு வாய் வராது," என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்களும் கிலுகிலுப்பை ஆட்டினா பேசறேன்."

ஒருநாள் பைக்காரம்மா ஸ்கூட்டரை நிறுத்தும்போது நான் வாசலில் நின்றிருந்தேன். தற்செயலாக இல்லை. அரை மணி நேரமாக நின்றிருந்தேன்.

"வெயில்ல வர்றீங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போங்களேன்."

"இல்லைங்க, உங்க முறை வர்ற வரைக்கும் நான் உங்க வீட்டுக்குள்ள வரக் கூடாது. மேல குடிச்சுக்கறேன்."

மேலே குடித்துக்கொள்கிறாளாம். தண்ணீர்கூட மாடியில்தான் இனிக்கும் போல.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை என் ஓரகத்தி அவளிடம் சொல்வது கேட்டது: "கீழ இருக்காளே, யாரோடயும் ஒட்ட மாட்டா. நாள் பூரா தனியாவே கிடக்கறா. பொண்ணும் அம்மாவை மாதிரியே வாயத் திறக்காது. பாவம்."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். திட்டியிருந்தால் திருப்பித் திட்டலாம். பாவத்துக்கு என்ன பதில் சொல்வது? அன்றைக்கு முடிவு செய்தேன். ஒன்றரை வருட அளவு வருகிற நாளில் என் எறும்பு அவள் உருண்டையைத் தூக்கிச் சாப்பிட வேண்டும்.

அளக்க வருகிறவள் வேறு ஆள். கழுத்தில் கயிறு போட்டு நிறுத்துகடிகாரம் தொங்கும். அவளுக்கு நான் வைத்த பெயர் கடிகாரம்மா. போன வியாழக்கிழமை முதலில் இரும்புப் படி வழியாக மாடிக்குப் போனாள். கட்டைகள் தரையில் உருளும் சத்தமும் பையனின் சிரிப்பும் கேட்டன. "டேய், நேத்து அடுக்கினியேடா! அடுக்குடா என் ராசா!" என்று ஓரகத்தி கெஞ்சினாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு இனித்தது.

பிறகு கீழே வந்தாள். பாய் விரித்தாள்.

"உங்க வீட்டுக்கு எங்க ஆளு வர்றாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தெரிஞ்சா என் கை தானா கூட்டிப் போடும், இல்ல குறைச்சுப் போடும். கடைசித் தாள்ல நானே கேட்பேன். அதுவரைக்கும் சொல்லாதீங்க."

"நானா? வாயே திறக்க மாட்டேன்," என்றேன்.

எறும்பு ஒன்பது கட்டை அடுக்கினாள். நாற்பது பட அட்டையில் முப்பத்தொன்றுக்குப் பெயர் சொன்னாள். மூன்று கிண்ணத்தில் எதன் அடியில் மணி இருக்கிறது என்று கேட்டால், மூன்றையும் மாற்றி மாற்றி நகர்த்திய பிறகும் சரியாக எடுத்தாள். கடிகாரம்மா முகத்தில் எதையும் காட்டக் கூடாது. ஆனால் புருவத்துக்கு அந்த விதி தெரியவில்லை. ஏறிக்கொண்டே போனது.

கடைசித் தாளை எடுத்தாள். "இப்ப சொல்லுங்க. ஒன்றரை வருஷத்துல எங்க ஆளு உங்க வீட்டுக்கு எத்தனை தடவை வந்தாங்க?"

"ஒரு தடவைகூட இல்லை."

அவள் ஆச்சரியமாக என்னைப் பார்த்த நேரத்தில், சும்மா இருந்த எறும்பு கட்டை விரலால் பாயைத் தட்டினாள். "டக் டக் கதவு, யாரு வந்தது? கட்டை விரல் வந்தது, உள்ளே வா!" முழுசாகச் சொல்லி முடித்துவிட்டு, அடுத்த விரலையும் நீட்டினாள்.

கடிகாரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"இது எங்க பாட்டும்மா. எங்க ஆளு கட்டினது. எங்க ஆளு போற வீட்ல மட்டும்தான் இருக்கும். இவ எங்க கத்துக்கிட்டா?"

அவள் நிமிர்ந்து அறையைச் சுற்றிப் பார்த்தாள். மரப்படி கண்ணில் பட்டது.

"இது எங்க போகுது?"

"மேல."

"மேலன்னா... நான் இப்ப போயிட்டு வந்த வீடா?" கொஞ்ச நேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "பாருங்க, நான் உள்ளதைச் சொல்லிடறேன். தெருவுல வேற பிள்ளைங்ககிட்ட கேட்டுக் கத்துக்கிட்டான்னு நீங்க சொன்னா, அப்படியே எழுதிக்குவேன். அடுத்த மாசம் உங்க முறை. எங்க ஆளு உங்க வீட்டுக்கு வர ஆரம்பிச்சிடுவாங்க. இந்தப் படி வழியாக் கத்துக்கிட்டான்னு சொன்னா, ரெண்டு வீடும் ஒண்ணு, கலந்துபோச்சுன்னு அர்த்தம். ரெண்டையும் பட்டியல்லேர்ந்து எடுத்துடுவாங்க. உங்களுக்கு யாரும் வர மாட்டாங்க."

"மேல?"

"மேலயும் நின்னுடும்."

ஒன்றரை வருடம் நான் காத்திருந்த முறை. அடுத்த மாதம் பைக்காரம்மா என் எதிரில் உட்காருவாள், என் இடுப்பைப் பற்றிக் கேட்பாள், என் வீட்டுத் தண்ணீரைக் குடிப்பாள். எல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனால் அப்போதும் அவள் மாடிக்குப் போய்விட்டுத்தான் கீழே வருவாள். அங்கே முதலில் சிரிப்பாள். மிச்சச் சிரிப்பு எனக்கு.

"படியில உக்காந்துதான் கத்துக்கிட்டோம்," என்றேன். "எல்லாத்தையும்."

கடிகாரம்மா எழுதிக்கொண்டாள். பொய் சொல்லாதவளைப் பார்க்கிற மரியாதையோடு என்னைப் பார்த்துவிட்டுப் போனாள். அதுதான் கூச்சமாக இருந்தது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு ஓரகத்தி மரப்படியில் தடதடவென்று இறங்கி வந்தாள். கையில் போன். அலுவலகத்திலிருந்து பேசியிருக்கிறார்கள்.

"என்னடி சொன்னே அவங்ககிட்ட?"

"உண்மையைச் சொன்னேன், அக்கா."

"அடேங்கப்பா, பெரிய உண்மை விளம்பி! ஒன்றரை வருஷம் படியில ஒளிஞ்சு உக்காந்தப்ப எங்க போச்சு உண்மை?"

எனக்கு முகம் எரிந்தது. "உங்களுக்குத் தெரியுமா?"

"நீ இருமினா மாடியில தட்டு ஆடுது. தெரியாதாம்! உள்கதவை யாரு திறந்து வச்சதுன்னு நினைச்சே? காத்தா? உன்னையும் மேல கூப்பிட்டுக்கறேன்னு அவங்ககிட்ட நாலு தடவை கேட்டேன். கூடாது, கலந்துடும்னாங்க. கீழ இருக்கறவ தனியா கிடக்கறா, பாவம்னு கெஞ்சினேன். அப்பவும் முடியாதுன்னுட்டாங்க."

"பாவம்னு ஏன் சொன்னீங்க?"

"படியில உக்காந்து தனியாத் துணி மடிக்கிறவள மகாராணின்னா சொல்லுவாங்க?" மூச்சு வாங்கினாள். "அதுக்குத்தான் கத்திக் கத்திப் பேசினேன். ராத்திரி எழுந்து அழுதா என்ன பண்றதுன்னு கேட்டேனே, அது யாருக்குன்னு நினைச்சே? என் பிள்ளை என்னிக்கு ராத்திரி எழுந்தான்? இடி விழுந்தாலும் எழுந்திருக்க மாட்டான்."

இந்த இடத்தில் எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு வந்தது வேறு. நல்லவளாக இருப்பதிலும் இவளே முந்திக்கொண்டாளே என்று வயிறு எரிந்தது. இதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா?

அவள் போனை என் கையில் திணித்தாள். "நாளைக்குக் காலை வரைக்கும் மாத்தலாமாம். பேசு. தெருவுலதான் கத்துக்கிட்டா, பயத்துல உளறிட்டேன்னு சொல்லு. உனக்கும் அடுத்த மாசம் வருவாங்க, எனக்கும் வருவாங்க. பேசுடி."

நம்பர் திரையில் இருந்தது. அமுக்க வேண்டியது ஒரு விரல் வேலை.

"வர்ற செவ்வாய்க்கிழமை எங்க வருவாங்க?" என்று கேட்டேன்.

"மேலதான். உனக்கு அடுத்த மாசம்னு சொன்னேன்ல?"

போனை அவள் கையில் திருப்பிக் கொடுத்தேன். அவள் படியேறினாள். உள்கதவைச் சாத்திக்கொண்டாள்.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு அலுவலகத்து ஆள் வந்தார். திட்டத்துக்காரர்கள் மாடியில் விட்டிருந்த கட்டைகளையும் பட அட்டைகளையும் எண்ணி வாங்கிக்கொண்டார். எங்கள் இருவரிடமும் தனித்தனித் தாளில் கையெழுத்து வாங்கினார். எங்களுக்குப் பதிலாகப் பின்தெருவில் இரண்டு வீடுகளைச் சேர்த்திருப்பதாகச் சொன்னார். பத்து மணிக்குப் போய்விட்டார்.